கணக்கில் காணாமல் போன கால் அடிகள்

ஒரு பூஜ்யத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் குமட்டுகிறது. நானே என் கையால் தட்டிய பூஜ்யம். அதனால் ஆம்பூரில் ஒரு மனிதரின் பெயர் கெட்டது. என் தவறால்தான் கெட்டது என்று தெரிந்த பிறகும் நான் வாயைத் திறக்கவில்லை. இதை எழுதுவதால் எனக்கு ஒரு புண்ணியமும் வரப்போவதில்லை. பேசாமல் இருந்து இருந்து அலுத்துவிட்டது, அவ்வளவுதான்.

ஆம்பூரில் வேலை பார்த்தேன் என்றால் எல்லோரும் முதலில் கேட்பது அங்கே அடிக்கும் நாற்றத்தைப் பற்றித்தான். பஸ் அந்த வழியாகப் போனாலே கர்ச்சீப்பை மூக்கில் வைத்துக்கொள்ளும் ஆட்கள் அவர்கள். தோல் நாற்றம் எனக்கு மூன்றே நாளில் பழகிவிட்டது. நான்காம் நாள் தோல் பதனிடும் டேனரிகளின் கழிவுநீர்க் கால்வாய் ஓரத்துக் கடையில் நின்று வடை சாப்பிட்டேன். என் மேலேயே எனக்கு வந்த அருவருப்பு இருக்கிறதே, அது மட்டும் இத்தனை வருடத்தில் பழகவே இல்லை.

அப்போது தொண்ணூறுகளின் கடைசி. எம்.சி.ஏ. முடித்துவிட்டு வேலூரை ஒட்டிய பாகாயத்தில் வீட்டோடு இருந்தேன். அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். கூடப் படித்தவர்கள் சென்னை, பெங்களூர் என்று பறந்துவிட்டார்கள். இன்டர்வியூக்களில் தோற்றுத் தோற்று, கடைசியில் வேலூரிலேயே ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் மாடியில் வேலைக்குச் சேர்ந்தேன். இரண்டு அறை, மூன்று கம்ப்யூட்டர், ஒரு பாஸ், நான். இதற்குப் பெயர் சாஃப்ட்வேர் கம்பெனி. இரண்டாயிரமாவது வருடம் பிறந்தால் உலகத்துக் கம்ப்யூட்டர் எல்லாம் நின்றுபோகும் என்று பேப்பரில் தினமும் பயமுறுத்திக்கொண்டிருந்தார்கள். எங்கள் பாஸும் அதையே சொல்லிப் பயமுறுத்தி, ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியை வளைத்துப் பிடித்துவிட்டார்.

வந்து இறங்கும் தோலைக் கணக்கு வைக்க ஒரு புரோகிராம் எழுத வேண்டும். அதுதான் வேலை. சி ப்ளஸ் ப்ளஸ்ஸில் எழுதுகிறேன் என்றேன். பாஸுக்கு எதில் எழுதினாலும் ஒன்றுதான். எனக்கு அப்படி இல்லை. அந்த மொழி எனக்குக் கரைத்துக் குடித்த மாதிரி வரும் என்று ஒரு திமிர் இருந்தது. வேலை கொடுக்காத பெங்களூர்க்காரர்களுக்கு ஆம்பூரில் உட்கார்ந்து பதில் சொல்லப் போகிறேனாம். நினைத்தால் சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வருகிறது.

தோலைச் சதுர அடியில் வாங்குவார்கள். டேனரியிலிருந்து கட்டுக் கட்டாக வரும் பதனிட்ட மாட்டுத் தோலை, இங்கே ஒருவர் மறுபடியும் அளந்து பார்ப்பார். அளக்க ஒரு பழைய மிஷின் இருந்தது. தோலை உள்ளே விட்டால் முள் வைத்த சக்கரங்கள் அதன் மேல் உருண்டு, மேலே கடிகாரம் மாதிரி இருக்கும் வட்டத்தில் ஊசி நகர்ந்து அடியைக் காட்டும். அந்த மிஷினில் நின்றவர் ஐம்பதைத் தாண்டியவர். எல்லோருக்கும் அவர் 'அளவு பாய்'. ஊசியை ஒரு பார்வை பார்ப்பார். தோலின் பின்பக்கத்தில் சாக்பீஸால் எண்ணை எழுதுவார். அதையே ஒரு துண்டுச் சீட்டிலும் எழுதிக்கொள்வார். ஒரு கட்டு முடிந்ததும் சீட்டின் அடியில் மனக்கணக்காகவே மொத்தம் போட்டுவிடுவார்.

தோல்காரர்கள் அடியைக் கால் கணக்கில்தான் எழுதுவார்கள். பதினெட்டே முக்கால் அடி என்றால் பதினெட்டு போட்டு, தலைமாட்டில் பொடியாக ஒரு மூன்று. மூன்று கால் என்று அர்த்தம். அரை என்றால் இரண்டு, கால் என்றால் ஒன்று. அந்தப் பொடி எண் மூன்றைத் தாண்டாது, நான்கு ஆனால் ஒரு முழு அடி. கம்ப்யூட்டரில் பொடி எண் தட்ட வழி இல்லாததால் புள்ளி வைத்து 18.3 என்று தட்டச் சொன்னேன். பார்ப்பதற்குத்தான் அது தசமப் புள்ளி. உண்மையில் அது முக்கால்.

இதைக் கம்ப்யூட்டருக்குப் புரியவைத்த விதத்தில்தான் என் திமிரெல்லாம். அந்த மொழியில் நாமே ஒரு புது வகையை உண்டாக்கலாம், கூட்டல் குறிக்கு அந்த வகைக்கென்று ஒரு புது அர்த்தமும் கற்றுக்கொடுக்கலாம். ஆபரேட்டர் ஓவர்லோடிங் என்பார்கள். நான் 'அடி' என்று ஒரு வகையை உண்டாக்கினேன். இரண்டு அடிகளுக்கு நடுவே கூட்டல் குறி வந்தால், கால்களைத் தனியாகக் கூட்டி, நான்கு சேர்ந்தால் ஒரு முழு அடியாக்கு என்று கற்றுக்கொடுத்தேன். 18.3-ஐயும் 19.2-ஐயும் கூட்டச் சொன்னால் அது 38.1 என்றது. முப்பத்தெட்டே கால். பாஸைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் தலையாட்டிவிட்டு டீ குடிக்கப் போனார்.

கூடவே ஒரு சின்ன வசதியும் செய்தேன். கட்டின் மேல் ஒட்டும் லேபிளில் முழு அடி மட்டும் போதும் என்றார்கள். ஆகவே எங்கே சாதாரண முழு எண் தேவையோ அங்கே அடி தன் கால், அரை, முக்காலை உதறிவிட்டு முழு எண்ணாக மாறிக்கொள்ளலாம் என்று ஒரு வரி எழுதினேன். ஒரே ஒரு வரி.

டெலிவரிக்கு முதல் நாள்தான் கட்டின் மொத்தத்தைக் கூட்டும் பகுதியை எழுதினேன். சும்மா எழுதியிருக்கலாம். எனக்கு அது கேவலமாகப் பட்டது. டெம்ப்ளேட்டாக எழுதினேன். டெம்ப்ளேட் என்றால் என்ன வகையைக் கூட்டப்போகிறோம் என்று சொல்லாமலே எழுதிவைப்பது. நாம் கையில் கொடுப்பதைப் பார்த்து இது இன்ன வகை என்று, நாம் எழுதியதை மிஷின் பாஷைக்கு மாற்றும் கம்பைலரே ஊகித்துக்கொள்ளும். மொத்தம் எந்த வகை என்பதை என் டெம்ப்ளேட் தொடக்க எண்ணைப் பார்த்துத்தான் ஊகிக்கும். தொடக்கம் எது? பூஜ்யம். தட்டினேன்.

'பூஜ்யம் அடி' என்று கொடுத்திருக்க வேண்டும். நான் கொடுத்தது வெறும் பூஜ்யம். வெறும் பூஜ்யம் ஒரு சாதாரண முழு எண். ஆகவே மொத்தமும் முழு எண்தான் என்று கம்பைலர் முடிவு கட்டிவிட்டது. நான் கற்றுக்கொடுத்த கூட்டலோ இடது பக்கம் 'அடி' நின்றால்தான் வேலை செய்யும். இடது பக்கம் நின்றது முழு எண். சரி, வலது பக்கம் இருக்கும் அடி முழு எண்ணாக மாறிக்கொள்ளட்டும் என்று, அந்த ஒரு வரி வசதியை அது எடுத்துக்கொண்டது. ஒவ்வொரு தோலும் கூட்டலுக்குள் போகும்போது தன் காலையும் அரையையும் முக்காலையும் வாசலில் உதறிவிட்டுப் போனது. கம்பைலர் ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. அரைப்புள்ளி ஒன்று விட்டுப்போனால் ஊரைக் கூட்டும் ஜந்து அது.

நான் சோதித்துப் பார்க்காமல் இல்லை. 10, 20, 30 என்று மூன்று எண் தட்டினேன். 60 என்றது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டேன்.

இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அப்போது தெரிந்ததெல்லாம், ஆம்பூரில் என்னை 'மேடம்' என்று கூப்பிட்டார்கள் என்பதுதான். அந்த ஷூ கம்பெனியின் மேனேஜர் ஓனருடைய மருமகன், முப்பது வயது இருக்கும். சென்னையில் படித்தவர். கம்ப்யூட்டர் ரூமுக்கு மட்டும் ஏ.சி. போட்டார். அளவு பாயின் சீட்டைப் பார்த்துத் தட்ட, பிளஸ் டூ முடித்த ஒரு பெண்ணை வைத்தார். கெட்டிக்காரப் பெண். ஒரே நாளில் பிடித்துக்கொண்டாள்.

ஒன்றரை மாதம் கழித்து பாஸ் என்னை அவசரமாக அனுப்பிவைத்தார். போனால், ஆபீஸில் மேனேஜர், தட்டச்சு செய்யும் பெண், சுவரோரமாக அளவு பாய். மேஜை மேல் ஒரு பக்கம் என் புரோகிராமின் பிரிண்ட் அவுட், இன்னொரு பக்கம் பாயின் சீட்டுகள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கட்டிங் செக்‌ஷன் ஆட்கள் வேலையை விட்டுவிட்டு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒவ்வொரு கட்டுலயும் ஏழு அடி, எட்டு அடி இவர் ஜாஸ்தி எழுதியிருக்கார் மேடம்" என்றார் மேனேஜர். "டேனரிக்காரன் அனுப்புற லிஸ்ட்டுக்கு அப்படியே ஒத்துப் போகுது. உங்க கம்ப்யூட்டர் மட்டும் கம்மியா காட்டுது. இன்னா அர்த்தம்?"

அர்த்தம் எல்லோருக்கும் புரிந்தது. டேனரிக்காரனிடம் எதையோ வாங்கிக்கொண்டு பாய் கூட்டி எழுதுகிறார் என்று அர்த்தம். அளக்கிற ஆளுக்கு இதைவிடக் கேவலமான பெயர் அந்த ஊரில் கிடையாது. குடிக்கிறவனுக்கு வேலை கிடைக்கும், சண்டைக்காரனுக்கும் கிடைக்கும். அளவில் கை வைத்தான் என்று பெயர் வந்தால் எந்தக் கம்பெனியும் கேட்டுக்குள் விடாது.

"மொத்தத்த நீங்களே போட்டுப் பாருங்க சார்" என்றார் பாய்.

மேனேஜர் கால்குலேட்டரை எடுத்துச் சீட்டில் இருந்ததைத் தட்டினார். பொடி எண்ணுக்கு முன் புள்ளி வைத்து, 18.3, 19.2, 21.1 என்று அப்படி அப்படியே. வந்த மொத்தம் பாயினுடையதைவிடக் கம்மி.

"இன்னா இப்ப?"

"அது பாயிண்ட் இல்ல சார். மூணுன்னா முக்கால். கால்குலேட்டருக்கு அது தெரியாது" என்றார் பாய். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள். தோல் கம்பெனி மருமகனுக்கு முக்கால் தெரியவில்லை என்ற சிரிப்பு. மேனேஜரின் காது சிவந்தது.

"கால்குலேட்டருக்குத் தெரியாது. கம்ப்யூட்டருக்குத் தெரியும்ல? மேடம், உங்க புரோகிராமுக்குக் கால், அரை, முக்கால் எல்லாம் தெரியும்னு சொன்னீங்களே. தெரியுமா தெரியாதா?"

"தெரியும் சார்" என்றேன். எவ்வளவு பெருமையாகச் சொன்னேன். இரண்டு தோலை மட்டும் கூட்டிப் பார்க்க ஒரு ஸ்க்ரீன் வைத்திருந்தேன். அதைத் திறந்து 18.3, 19.2 தட்டினேன். 38.1 வந்தது. மேனேஜர் பாயைப் பார்த்தார். பாய் மனசுக்குள் கூட்டிவிட்டு, "இது சரிதான்" என்றார். நாணயமான மனுஷன், தனக்கு எதிரான சாட்சியையும் சரி என்றுதான் சொன்னார்.

அந்த ஸ்க்ரீனில் இருந்தது நேரடிக் கூட்டல், இரண்டு பக்கமும் அடி. டெம்ப்ளேட்டே அங்கே இல்லை. நான் சரியாக இருக்கும் இடத்தைத் திறந்து காட்டித் தவறாக இருக்கும் இடத்துக்கு நற்சான்று கொடுத்தேன்.

பாய் பிரிண்ட் அவுட்டைக் கையில் எடுத்தார். தூரத்தில் பிடித்துப் படித்தார். பிறகு என்னைப் பார்த்து, "ஏம்மா, ஒண்ணு கேக்கறேன். இதுல எந்தக் கட்டப் பார்த்தாலும் மொத்தம் முழுசா வருதே. ஒரு நாள்கூடக் கால் வர்ல, அரை வர்ல. இத்தினி தோல் கூட்டினா அதெப்படி முழுசா நிக்கும்?" என்றார்.

அவர் கம்ப்யூட்டரைத் தொட்டதுகூடக் கிடையாது. ஒன்றரை மாத பிரிண்ட் அவுட்டை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு நான் செய்த தவறின் மேல் விரலை வைத்துவிட்டார். எம்.சி.ஏ. படித்த நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"ரவுண்ட் பண்ணியிருக்கும் பாய்."

ரவுண்ட் பண்ணச் சொல்லி நான் எங்கும் எழுதவில்லை. எழுதவில்லை என்பது எனக்கு அந்த நிமிடமே தெரியும். ஆனால் கேட்டவர் சாக்பீஸ் பிடிக்கிறவர், பதில் சொல்கிறவள் மேடம். வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"அப்ப ஒரு கட்ட நீயே கையால கூட்டும்மா. இருவது தோல்தான். அஞ்சு நிமிஷம் ஆவாது."

"எனக்கு பஸ்ஸுக்கு டைம் ஆச்சு. ஆபீஸ்ல போய் செக் பண்றேன்" என்றேன். பஸ் அரை மணிக்கு ஒன்று இருந்தது.

அதுவரை பாயை 'இவர்' என்று மரியாதையாகச் சொன்ன மேனேஜர் அவரிடம் 'நீ'க்கு இறங்கினார். "கேட்டியா? கம்ப்யூட்டருக்குப் பொய் சொல்லத் தெரியாது. உனக்குத்தான் தெரியும். நாளைலருந்து வராத." தன் மாமனார் காலத்திலிருந்து அங்கே நிற்கிற மனிதரைப் பார்த்து, அத்தனை பேர் பார்க்கச் சொன்னார். பாய் சட்டைப் பையிலிருந்த சாக்பீஸை எடுத்து மேஜை மேல் வைத்தார். கம்பெனி சாக்பீஸாம். அதையும் வைத்துவிட்டுப் போனார். எனக்குச் சமோசாவும் டீயும் வந்தன. நான் சாப்பிட்டேன். இதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை. உட்கார்ந்து, தக்காளி சாஸ் தொட்டு, சமோசாவை முழுசாகச் சாப்பிட்டேன்.

பத்து நாள் கழித்து ராணிப்பேட்டையில் ஒரு கம்பெனிக்காக அதே புரோகிராமைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஆட்டுத் தோல். ஒரு தோலே நாலரை அடி, நாலே முக்கால் அடிதான் வரும். நான்கு தோலைக் கூட்டினேன். மொத்தம் பதினாறு. நான்கும் நாலரை, மொத்தம் பதினெட்டு வர வேண்டும். ஆட்டுத் தோலில் மறைக்க முடியாதே. டெம்ப்ளேட்டைத் திறந்து பார்த்தேன். பூஜ்யம் அங்கே உட்கார்ந்திருந்தது. சரிசெய்ய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. வெறும் பூஜ்யத்தைப் பூஜ்யம் அடி ஆக்கினேன், முடிந்தது.

பாஸிடம் போய்ச் சொன்னேன். அளவு பாய் விஷயத்தையும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேனாவைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல சார்."

"சொல்லாத. வெர்ஷன் டூன்னு ஒரு ஃப்ளாப்பி போட்டு அனுப்பு. இன்னா புதுசுன்னு கேட்டா ஸ்பீடு ஜாஸ்தின்னு சொல்லு."

"சார், அந்த பாய்க்கு வேலை போச்சு."

"ரெண்டு நாள் பேஜார், அப்புறம் வேற கம்பனியில எடுத்துப்பாங்க. ராணிப்பேட்டைக்காரன் இன்னும் காசு குடுக்கல, நமக்கு இருக்கறதே அந்த ஒரு தோல் பார்ட்டிதான். அது போச்சுன்னா நீ பாகாயத்துல உக்காந்து இன்னா பண்ணுவ?"

ஃப்ளாப்பியைப் போட்டேன். ஸ்டிக்கரில் வெர்ஷன் 2 என்று அழகான கையெழுத்தில் எழுதினேன். பாஸை மட்டும் திட்டிக்கொண்டு இருந்துவிடலாம்தான். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு எழுதவைக்கவில்லை. ச்சீ என்று இருக்கிறது.

அந்த ஃப்ளாப்பி ஆம்பூர் போய்ச் சேர இன்னும் ஒரு வாரம், பத்து நாள் ஆனது. நேரில் போகப் பயந்து கூரியரில் அனுப்பினேன்.

அதன் பிறகு ஆறேழு மாதம் கழித்துத்தான் ஆம்பூர் போனேன். பிரிண்டர் தகராறு. மேனேஜர் உற்சாகமாக இருந்தார். வெளிநாட்டுப் பார்ட்டி ஒருவர் வந்திருந்தார், அவரை உட்காரவைத்து என் புரோகிராமைக் காட்டிக்கொண்டிருந்தார். "இதுதான் ஒரு திருடனைப் பிடிச்சது" என்று ஆங்கிலத்தில் சொன்னார். "அந்த ஆள் போனதும் பாருங்க, அளவும் கம்ப்யூட்டரும் கால் அடி வித்தியாசம் இல்லாம ஒத்துப் போகுது." அந்த வெளிநாட்டுக்காரர் என்னைப் பார்த்துப் பாராட்டுவதுபோலத் தலையசைத்தார். அதுவரைக்கும் எனக்கு அப்படி ஒன்று தோன்றவே இல்லை. நான் கமுக்கமாகத் திருத்தியனுப்பிய ஃப்ளாப்பியே பாய் திருடர் என்பதற்கு அத்தாட்சி ஆகிவிட்டது.

பார்ட்டி போன பிறகு, கதவைச் சாத்திவிட்டு மேனேஜரிடம் சொன்னேன். தப்பு பாயுடையது அல்ல, என்னுடையது என்றேன். அவர் கத்துவார் என்று நினைத்தேன்.

"தெரியும் மேடம்" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"அவர் போனப்புறம் மூணு வாரம் புது ஆள்தான் அளந்தான். அப்பவும் ஏழு அடி, எட்டு அடி கம்மியாத்தான் வந்துச்சு. உங்க ஃப்ளாப்பி வந்துச்சு, அன்னைக்கே சரியாப் போச்சு. இதுக்குக் கணக்கு படிக்கணுமா?"

"தெரிஞ்சும் ஏன் சார்..."

"ஏன்னா? அத்தினி பேர் முன்னாடி வெளிய போன்னு சொன்னவன் நான். இப்ப திரும்பக் கூப்பிட்டு நிக்க வெச்சா, நாளைக்கு எவன் என்னை மதிப்பான்? மாமா இன்னா சொல்வார்?" பிறகு நிதானமாகக் கேட்டார்: "உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"பத்து நாள்ல."

"அப்புறம் இன்னா. நீங்க ஏன் சொல்லலையோ, நானும் அதுக்குத்தான் சொல்லல."

அவர் முகத்தில் காறித் துப்ப வேண்டும் போல இருந்தது. துப்புவதற்கு எனக்கு ஒரு யோக்கியதையும் இல்லை என்பது அதைவிடக் கசப்பாக இருந்தது. தட்டச்சு செய்யும் பெண்ணிடம் பாய் இப்போது எங்கே என்று கேட்டேன். அவள் சொன்னாள்.

ஊருக்கு வெளியே ஒரு டேனரியில், சுண்ணாம்புக் குழியிலிருந்து ஊறிய தோலை இழுத்துப் போடும் கூலி வேலை. நேராக அங்கே போனேன். முழங்கை வரை ரப்பர் உறை. உறைக்கு மேலே தெரிந்த தோல் வெந்து உரிந்திருந்தது. முழங்கால் வரை சகதி. என்னைப் பார்த்ததும் கையைக் கழுவிக்கொண்டு ஓரமாக வந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். டெம்ப்ளேட்டையும் பூஜ்யத்தையும்கூடச் சொன்னேன், என்னவோ அவருக்கு அதுதான் முக்கியம் என்பதுபோல. அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப நான் போட்ட மொத்தம்?"

"எல்லாம் சரி பாய்."

"அது எனக்குத் தெரியும்மா." முழங்கால் சகதியை வழித்துப் போட்டார். "இந்த ஊர்ல யாருக்கும் தெரியாது. கடைக்குப் போனா பசங்க 'பாய், எனக்கு ஒரு முக்கால் சேத்து எழுது'ன்றான். ஊட்ல சொல்லிட்டேன், கடைக்கு நான் போ மாட்டேன்னு."

"நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க."

"வேலை வாணாம். மிஷின்கிட்ட இனிமே நான் நிக்கவும் மாட்டேன். வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சி அத்தினி பேரும் அந்தக் கம்பனி கேட்டாண்ட இருக்கற டீக் கடைக்கு வருவாங்க. நீ அங்க வந்து, இப்ப என்கிட்ட சொன்னியே, அத அவங்ககிட்ட சொல்லிட்டுப் போய்டு. ரெண்டு வார்த்தை. போதும்."

"வர்றேன் பாய்" என்றேன். மனப்பூர்வமாகத்தான் சொன்னேன். திரும்பி வரும் வழியெல்லாம் மனசு லேசாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை பாஸிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு ஆம்பூர் பஸ் ஏறினேன். ஜன்னலோரம் உட்கார்ந்து, சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். முதல் வாக்கியம் நன்றாக வந்தது. இரண்டாவதில் 'நான்' என்று தொடங்க வேண்டியிருந்தது. அத்தனை ஆண்கள், கையில் டீ கிளாஸோடு, என்னைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அன்று சாயங்காலத்துக்குள் பாஸுக்குத் தகவல் போய்விடும். ராணிப்பேட்டைக்குப் போகும். பெங்களூரில் அடுத்த மாதம் ஒரு இன்டர்வியூ இருந்தது. அங்கே யாராவது விசாரித்தால்? இதையெல்லாம் கூட்டிக்கொண்டே போனேன். நடுவழியில் விரிஞ்சிபுரம் ஸ்டாப்பில் பஸ் நின்றபோது இறங்கிவிட்டேன். கண்டக்டர், "ஆம்பூர் டிக்கெட் வாங்கினீங்களேம்மா" என்றார். எதிர்ப் பக்கம் போய் நின்று வேலூர் பஸ்ஸைப் பிடித்தேன். வீட்டுக்கு வந்து சோறு சாப்பிட்டேன், தூங்கினேன்.

அடுத்த வாரம் பிரிண்டர் விஷயமாக அந்தத் தட்டச்சுப் பெண் ஆபீஸுக்குப் போன் செய்தாள். ரிப்பன் மாற்றுவது எப்படி என்று சொல்லிக்கொடுத்தேன். கேட்டுக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "மேடம், வெள்ளிக்கிழமை நீங்க வர்றதா சொன்னீங்களா?" என்றாள்.

ரிசீவரை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"பாய் வியாழக்கிழமையே ஒவ்வொருத்தர் கிட்டயும் போய் சொன்னாராம். 'வேலூர்லருந்து அந்தப் பொண்ணு வருது, தப்பு என்னுது இல்லன்னு அதுவே சொல்லும், எல்லாரும் வந்துடுங்க'ன்னு. வெள்ளைச் சட்டை போட்டுக்கினு வந்திருந்தாரு. ஒவ்வொரு பஸ்ஸா பார்த்துக்கினே நின்னாரு. ரெண்டரை ஆச்சு, கம்பனி மணி அடிச்சிட்டாங்க. பசங்க சிரிச்சிக்கினே உள்ள வந்துட்டாங்க."

"அவர்?" என்றேன்.

"அவர் கடை பெஞ்சுல உக்காந்துட்டாரு. அன்னைக்கி அத்தினி பேருக்கும் டீ அவர்தான் வாங்கிக் குடுத்திருக்காரு மேடம்."